வெள்ளை பூசாத முகம்

மகன், நீ அனுப்பிய படம் வந்து நாலு நாளாகிறது. என் போன் பழுது என்று பக்கத்து வீட்டு ரீச்சரைக் கொண்டு உனக்குச் சொல்லுவித்தேன். அது பொய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அது அடிக்கிற நேரமெல்லாம் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டேன். அறுபதைத் தாண்டின மனிதன் செய்கிற வேலையா என்று நீ கேட்பாய். கேள், பரவாயில்லை. இந்த விஷயத்தை வாயால் சொல்ல என்னால் ஏலாது. நீ அந்தப் பக்கத்தில் ஒருமுறை பெருமூச்சு விட்டாலே நான் கதையை மாற்றி, இங்கே மழை பெய்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன். எழுத்தென்றால் எனக்குப் பழக்கம். இருபது வயதிலிருந்து ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அடுக்கி வாழ்ந்தவன். ஆகவே எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் கடைசிவரை வாசி.

நீயும் நீ கட்டப்போகிற பிள்ளையும் லண்டனில் பழைய அச்சுப் படங்களின் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருக்கிறீர்கள். அந்தக் காலத்து நாடகக்காரர்கள், கோமாளிகள், கயிற்றில் நடக்கிறவர்கள், ராசா வேசம் போட்டவர்கள் எல்லோரையும் அச்சடித்துத் தெருவில் மலிவாய் விற்பார்களாம், இல்லாதவர்கள் வாங்கிச் சுவரில் ஒட்டுவார்களாம், பிள்ளைகள் அதற்கு நிறம் தீட்டுவார்களாம் என்று எழுதியிருந்தாய். அங்கே ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் வீட்டுப் படம் இருந்திருக்கிறது. சரிந்த கூம்புத் தொப்பி, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த பெரிய துணி, வெள்ளை பூசிய கன்னத்தில் முக்கோணப் பொட்டு, தூக்கிய இடது புருவம். கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பெயர். “அப்பா, இது எங்கட அம்மப்பான்ர படம் எல்லே. இதில வேற ஆற்றயோ பேர் கிடக்கு” என்று எழுதினாய். அடுத்த நாள் இன்னொரு செய்தி வந்தது. கலியாண மண்டப வாசலில் இரண்டு பக்கத்து மூத்தவர்களின் படங்களையும் வைக்கப் போகிறீர்கள், பெண் வீட்டார் நாலு தலைமுறைக்குப் படம் கொண்டுவருகிறார்கள், எங்கள் பக்கத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் அம்மப்பா இல்லாமல் எப்படி என்று கேட்டாய். அது அவரில்லை என்றால் அவர் எப்படி இருந்தார் என்று சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த ஒருவர் நன்றாகப் படம் கீறுவார், நீங்கள் சொல்லச் சொல்லக் கீறித் தருவார் என்றாய். நீ கோபப்பட்டு எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அது உன் அம்மப்பா இல்லை, மகன். எனக்கு அது எப்போதும் தெரியும்.

பாலையூற்று வீட்டு ஹோலில் அந்த நாடக நோட்டீஸ் தொங்கியதை நீ பிறந்த நாளிலிருந்து பார்த்தவன். ரோசா நிறத் தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, நடுவில் கோமாளி, மேலே கொட்டை எழுத்தில் ‘பபூன் தம்பிராசா தோன்றும்’ என்று இருக்கும். உன் அம்மா வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களுக்கு விளக்கு வைத்துவிட்டு அதற்கும் ஒரு செவ்வரத்தம்பூ வைப்பாள். திவச நாளில் அதன் முன்னால் வாழையிலை போட்டு, அவருக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் படைப்பாள். கிரியைக்கு வந்த ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மந்திரத்தை இடையில் விட்டு, சிரிப்பை அடக்க இருமினார். அதற்குப் பிறகு உன் அம்மா அவரைக் கூப்பிடவே இல்லை. வேறு ஐயர் தேடி நான்தான் சைக்கிளில் அலைந்தேன்.

நீ சின்னனில் கோபம் வந்தால் இடது புருவத்தைத் தூக்குவாய். அப்பாவின் புருவம் அப்படியே பேரனுக்கு வந்திருக்கிறது என்று உன் அம்மா வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டுவாள். உன்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, தூக்கு, தூக்கு என்று சொல்லித் தூக்கவைப்பாள். நீயும் அதற்கென்றே பழகிக்கொண்டாய். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வெள்ளைக்காரக் கோமாளியின் புருவம் பாலையூற்றில் என் மகனுக்கு எப்படி வந்தது என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் உன்னைக் கோமாளியின் பேரன் என்று பழித்து, நீ அவன் உதட்டைக் கிழித்துவிட்டு வந்த நாளில், அம்மப்பாவை நினைத்து நீ பெருமைப்பட வேண்டும் என்று உனக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். சுவரில் இருந்த படத்தைக் கையால் காட்டித்தான் அதையும் சொன்னேன்.

நான் வேலை செய்த அச்சுக்கூடம் உள்துறைமுகப் பக்கம் போகிற வீதியில் இருந்தது. கலியாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், நாடக நோட்டீஸ், இவைதான் எங்கள் வேலை. நீ அனுப்பிய உன் கார்டில் இரண்டாம் வரியில் ஒரு ‘ப்’ விட்டுப்போயிருக்கிறது, திருத்தச் சொல். படம் போட வேண்டுமென்றால் எங்களுக்குப் புளொக் வேண்டும். மரக்கட்டையில் ஆணியடித்த ஓர் உலோகத் தகடு அது, படம் அதில் இடம் வலம் மாறி இருக்கும். புதிய புளொக் கொழும்பில்தான் செய்வார்கள், போட்டோவைக் கொடுத்தனுப்பினால் வந்து சேர இரண்டு மூன்று கிழமை செல்லும். யாருக்கு அவ்வளவு பொறுமை? இருந்த கட்டைகளை வைத்தே ஊரைச் சமாளித்தோம். எல்லாக் கோயிலுக்கும் ஒரே பிள்ளையார், எல்லாக் கலியாணத்துக்கும் ஒரே சோடிக் கைகள். பபூனுக்கு ஒரே ஒரு புளொக்தான். வெள்ளைக்காரன் இங்கே கடற்படை முகாம் வைத்திருந்த காலத்தில், மாலுமிகளின் களியாட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க அங்கிருந்து தந்த கட்டையாம், அவர்கள் போன பிறகு திருப்பிக் கேட்க ஆளில்லையாம் என்று முதலாளி சொல்லுவார். சல்லிக் கிராமத்தில் நாடகமென்றாலும் அதுதான், திரியாயில் என்றாலும் அதுதான், மஜிக்காரன் வந்தாலும் அதுதான். கீழே பெயரை மட்டும் மாற்றி அடுக்குவேன். அந்தக் காலத்து லண்டனிலும் ஒரே தகட்டில் பெயரை மாற்றி மாற்றி அச்சடித்தார்கள் என்று கண்காட்சியில் எழுதிவைத்திருந்ததாகச் சொன்னாய். என் தொழில்காரர் எல்லா ஊரிலும் ஒரே ஆட்கள்தான் போல. நீ பார்த்த அந்த முகம்கூட அதன் கீழே பெயர் போட்டிருந்தவனுடையதோ என்னவோ.

உன் அம்மப்பா தம்பிராசா பகலில் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிறவர். திருவிழாக் காலத்தில் பபூன். ராசாவும் ராணியும் அழுது சனத்தையும் அழவைத்து முடிக்கிற நேரம் பார்த்து அவர் மேடைக்கு வருவார், வாயைத் திறக்க முதலே பெண்கள் பக்கத்தில் சிரிப்புத் தொடங்கிவிடும். தன் முதல் நோட்டீஸை வாங்க அச்சுக்கூடத்துக்கு வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இவர் யார் என்று என்னிடம் கேட்டார். நீங்கள்தான் என்றேன். “அப்ப எனக்கு இவ்வளவு வடிவான சட்டை இருக்கெண்டு வீட்டில ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தோம்.

ஆனால் அடுத்த நாடகத்துக்கு அவர் அந்தப் படத்தைப் போலவே வந்து நின்றார். சனம் நோட்டீஸைப் பார்த்துத்தானே வருகிறது, ஏமாற்றக் கூடாது என்று, உன் அம்மம்மாவைக் கொண்டு, கட்டிலுக்குக் கட்டுகிற பழைய நுளம்புவலையில் கழுத்துச் சுருக்குத் தைப்பித்திருந்தார். கன்னத்தில் முக்கோணம். இடது புருவத்தைக் கரியால் மேலே தூக்கி வரைந்திருந்தார். தன்னுடையது அல்லாத ஒரு படத்துக்காக ஒரு மனிதன் தன்னை மாற்றிக்கொண்டதை நான் அன்றுதான் கண்டேன். எனக்கு அதில் பெருமை. நான் அடுக்கிக் கொடுத்ததைப் பார்த்து ஓர் ஆள் நடக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். இளந்தாரி அல்லவா, தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான்.

நாலைந்து வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு பங்குனி மாதம், கட்டைபறிச்சான் கோயிலில் ஆடப்போகிற நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்கச் சொல்ல வந்த தம்பிராசா, சட்டைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஒரு போட்டோ. ஸ்ரூடியோவுக்குப் போய் எடுத்தது. முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. “ஒருக்கா இதைப் போடும் தம்பி. வெள்ளை பூசாத முகம். என்ர பிள்ளை கேக்குது, அப்பா, நோட்டீசில இருக்கிறது நீங்களோ எண்டு. நான் அதுக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்றார். அந்தப் பிள்ளைதான் உன் அம்மா. அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும். கொழும்புக்கு அனுப்பிப் புளொக் எடுப்பிக்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

நான் அனுப்பவில்லை. மறந்துபோனேன் என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லி வந்தேன். மறக்கவில்லை, மகன். அந்தப் போட்டோவை மேசையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். சாதாரண மனிதன், சந்தையில் எதிரே வருகிற நூறு பேரில் ஒருவன். இந்த முகத்தைப் போட்டால் பபூன் என்று எவன் நம்புவான், நோட்டீஸின் வடிவே கெட்டுப்போகும் என்று முடிவு செய்தேன். அவருடைய முகம் எது என்று அவருக்காக நான் தீர்மானித்தேன். போட்டோவை எழுத்துப் பெட்டிக்குக் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் போட்டுவிட்டு, பழைய கட்டையையே வைத்து அடித்தேன். நோட்டீஸ்களை எடுக்க வந்தவரிடம், புளொக் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றேன். அவர் ஒன்றை உருவி, படத்தைப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தார். பரவாயில்லை, அடுத்தமுறை பார்ப்போம், போட்டோவை மட்டும் கவனமாக வையும் என்றார். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே போட்டோ அது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. அந்த வருடமே எங்கள் பக்கம் பிரச்சினை தொடங்கியது. ஒரு காலை துறைமுகத்துக்கு வேலைக்குப் போன தம்பிராசா திரும்பி வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல இன்றுவரை ஒருவருமில்லை. அதே கிழமை எங்கள் வீதி எரிந்தது, அச்சுக்கூடமும் எரிந்தது. சூடு ஆறின பிறகு நான் போய்ப் பார்த்தேன். ஈய எழுத்துகள் உருகி நிலத்தில் ஒரே பாளமாகக் கிடந்தன. எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு நின்றபோது நான் லாச்சியைத் தேடினேன். அது இருந்த இடம்கூட மட்டுக்கட்ட முடியவில்லை. தம்பிராசாவின் வீடும் போய்விட்டது. உன் அம்மம்மாவும் உன் அம்மாவும் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போனார்கள். அங்கே அம்மம்மாவும் காய்ச்சலில் போய்விட்டார்.

பன்னிரண்டு வருடம் கழித்து உன் அம்மாவை நான் ஆசைப்பட்டுத்தான் கட்டினேன். ஆனால் அந்த ஆசைக்குள் எரிந்துபோன லாச்சியும் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். கலியாணத்துக்கு முதல் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் அச்சுக்கூடத்தில் இருந்தவர்தானே, அப்பாவின் படம் எங்கேயாவது இருக்குமா என்றாள். நான் மூதூருக்கு லோஞ்சில் கடல் கடந்து, கட்டைபறிச்சானில் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தேன். ஒரு வீட்டில் அலுமாரித் தட்டில் விரித்திருந்த தாள்களுக்குள் அது கிடந்தது. நான் அவருக்குக் கடைசியாக அடித்த நோட்டீஸ். சட்டிபானை வைத்த வட்டம் ஒன்று மூலையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து உன் அம்மாவின் கையில் கொடுத்தேன். இதில் பெயர் மட்டும்தான் அப்பாவுடையது, முகம் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தாளை நெஞ்சோடு அணைத்துவிட்டாள். “ஓம், அப்பாதான். இந்தக் கழுத்துச் சுருக்கு அம்மா தைச்சது” என்றாள்.

கழுத்துச் சுருக்கு உண்மைதானே என்று என் மனம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. கொஞ்ச நாள் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பிறகு அவள் அதற்குச் சட்டம் போட்டாள். பிறகு விளக்கு வைத்தாள். பிறகு நீ பிறந்தாய். விளக்கு வைத்துக் கும்பிட்ட முகத்தை அது அவரில்லை என்று எந்த வாயால் சொல்லுவது? ஒவ்வொரு வருடமும் சொல்லுவது முந்தின வருடத்தைவிடக் கடினமாகிக்கொண்டு போனது. நீ இப்போது குடும்ப வாழ்க்கைக்குள் போகிறாய், அதனால் சொல்லுகிறேன். மனைவியின் கண்ணீரை நிறுத்த ஒரு பொய் சொல்லும்போது அது அன்றைய நாளுக்கு மட்டும்தான் என்று நினைப்போம். அது பிறகு வீட்டை விட்டுப் போகாது. உன் மனைவி ஒன்றைத் தேடினால் கூட நின்று தேடு. கிடைக்காவிட்டால் அவளோடு இருந்து அழு. வேறொன்றைக் கையில் திணித்து அவளைச் சமாதானப்படுத்தாதே. நான் அதைத்தான் செய்தேன், செய்து நல்ல புருசன் என்று பெயரும் வாங்கினேன்.

உன் அம்மாவின் கடைசிக் கிழமையைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ விமானத்தில் வந்துகொண்டிருந்தாய். ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்தபடி அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். “எனக்கு அப்பாவ நினைச்சா இந்த முகம்தான் வருது. வேற ஒண்டும் வரேல்லை. நீங்கள் அவர நேரில பாத்தனீங்கள். இப்பிடித்தானே இருந்தவர்?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, மகன். ஏழு வயதில் தகப்பனிடம் கேட்ட கேள்வி அவளை விட்டுப் போகவே இல்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து அதை என்னிடம் கேட்கப் பயந்திருக்கிறாள், நான் சொல்லப் பயந்தது போலவே. அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகப்படுத்தியிருப்போம். அவர் தோளில் இருந்து வளர்ந்த பிள்ளை அவள், என்னைவிட அவளிடம் கூடுதலாக ஞாபகம் இருந்திருக்கும். அதற்கு எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. நான் ஓம் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை.

இப்போது நீ கேட்கிறாய். முந்தாநாள் சல்லிக்குப் போய் வயதானவர்கள் சிலரிடம் விசாரித்தேன். பபூன் தம்பிராசாவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒருவர் அவரைப் போல நடந்தே காட்டினார். முகத்தைக் கேட்டால் எல்லோரும் கன்னத்து முக்கோணத்தையும் தூக்கிய புருவத்தையும்தான் சொன்னார்கள். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துவைத்துக்கொண்டு நானே ஞாபகப்படுத்த முயன்றேன். குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல், தம்பி என்று கூப்பிட்டால் கடைசி எழுத்தை இழுப்பார். உள்ளங்கையில் கயிறு உரஞ்சின தழும்பு வந்தது. கதிரை கொடுத்தால் இருக்காமல் மேசையில் சாய்ந்து நிற்பது வந்தது. அவர் மேலிருந்து அடிக்கிற சாக்கு மணம்கூட வந்தது. முகத்துக்கு வந்தால் அந்தக் கோமாளிதான் நிற்கிறான். அவனைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. அந்தப் போட்டோவை மேசையில் வைத்து நேருக்கு நேர் பார்த்தவன் நான். சாதாரண முகம் என்று நான் தீர்ப்புச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை.

நேற்று இன்னொரு வேலையும் செய்தேன். கொப்பியில் எழுதினேன். வட்ட முகம், அகன்ற நெற்றி, மூக்கு கொஞ்சம் சப்பை, வலது கன்னத்தில் ஒரு மறு. வாசித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உனக்கு அனுப்பியிருந்தால் நீ நம்பியிருப்பாய், அந்த ஆள் கீறித் தந்திருப்பார், நாளைக்கு உன் பிள்ளைகளும் அதைக் கும்பிட்டிருக்கும். எழுதின பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மண்டப வாசலில் உன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய பெயரை மட்டும் எழுதி வை. யாராவது கேட்டால், போட்டோ ஒன்று இருந்தது, என்னுடைய அப்பாதான் அதைத் தொலைத்தவர் என்று சொல். சொல்லக் கூசாதே. படம் கீறுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. அவரை வெறும் முகத்தோடு பார்த்தவர்களில், எனக்குத் தெரிந்தவரை, மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். எனக்கும் அந்த முகம் தெரியாது, மகன்.

அப்பா